பிழை ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு

மரக்கன்று எண்ணுவது இலேசான வேலை என்று சொல்கிறவர்கள், ஒரு மலைச்சரிவில் ஆயிரத்து நானூறு வரை எண்ணி வந்த நேரத்தில் "இப்ப எத்தனை?" என்று யாரோ கேட்க, எல்லாம் மறந்துபோய்த் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியவர்களாக இருக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் தலை எண்ணும் நடத்துநர்கள், களஞ்சியத்தில் மூட்டை எண்ணுகிறவர்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு இலை எண்ணுகிறவர்கள், பரீட்சை முடிந்து விடைத்தாள் எண்ணும் ஆசிரியர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். நாம் சரியாக எண்ணினால் யாரும் கவனிப்பதில்லை. ஒன்று குறைந்தால்தான் நம்முடைய பெயர் வெளியே வருகிறது.

என் பெயர் லெட்சுமி. வயது அறுபத்தொன்று. கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். வேலை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கும் கந்தோரில். பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் நீளமாக எழுதியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் காடு காக்கும் ஒரு கூட்டு. வெளிநாட்டில் ஒரு காட்டு நிதியம், இங்கே எங்கள் கந்தோர், களுத்துறை மாவட்டத்தின் உள்ளே ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம், இந்த மூன்றும் சேர்ந்தது அந்தக் கூட்டு. அந்தக் கிராமத்தில் இரண்டு மழைக்காட்டுத் துண்டுகள் இருக்கின்றன. நடுவில் கைவிடப்பட்ட ஒரு றப்பர் காணி. அந்தக் காணியில் காட்டு மரங்களை நட்டு இரண்டு துண்டையும் ஒன்றாக்கினால், குரங்குகள் தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவிப் போகலாம் என்று சொன்னார்கள். முதலாம் கட்டமாக ஆயிரத்து அறுநூறு கன்றுகளை நட்டார்கள். மூன்றாவது எண்ணிக்கையில் குறைந்தது ஆயிரம் உயிரோடு நின்றால் இரண்டாம் கட்டம் உண்டு. இல்லாவிட்டால் நிதியம் வேறொரு நாட்டுக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் "எண்ணுநர்" என்று ஒருவர் வருகிறார். அது நான்தான்.

தவறணை

இந்த வேலைக்கு வருமுன் புறக்கோட்டையில் பொத்தானும் நூலும் மொத்தமாக விற்கும் கடையில் இருபது வருஷம் பொத்தான் எண்ணினேன். எங்கள் கந்தோரின் பெரியவர் சிவநேசன் சேர். அவருடைய மனைவி தையல் தைப்பவர், எங்கள் கடைக்கு வருவார். நிறுத்துப் பார்க்காமல் கையாலேயே நான் எண்ணிக் கொடுக்கும் பொத்தான் ஒருநாளும் குறைந்ததில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். கடையை மூடியபோது அவர்தான் என்னைச் சேரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையாக உட்காரச் சொல்லி, கன்றுகளோடு முன் அனுபவம் ஏதும் உண்டா என்று கேட்டார். "பதினாறு வயசுல இருந்து பத்து வருஷம் தவறணையிலதாங்க இருந்தேன்" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார். காலையில் ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவோம், முப்பது பெண்கள், ஆளுக்கு ஐந்நூறு பை நிரப்புவோம் என்றேன். பையிலா என்று கேட்டார். ஆமாம், துரையே வந்து எண்ணிப் பார்ப்பார் என்றேன். அதில் என்ன கஷ்டம் என்று கேட்டதற்கு, தண்ணி ஊற்றுவதுதான் கஷ்டம், கூடினாலும் மோசம், குறைந்தாலும் மோசம் என்று உள்ளதைச் சொன்னேன். சேர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கொஞ்சக் காலம் எங்கள் மலைநாட்டில், அட்டனில் படிப்பித்தவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகுதான் எனக்கும் விளங்கியது. எங்கள் தோட்டத்தில் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் பந்தல். சேருடைய ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடை.

அன்றைக்கே வேலை கிடைத்தது. வெளியே வரும்போது சேர் சொன்னார்: "உங்களுக்கு வேலை தாறதோ, இல்லாட்டி இந்தக் காலத்தில இவ்வளவு உண்மை கதைக்கிற ஆளைக் கும்பிட்டு அனுப்புறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான், அக்கா."

காது கேட்காதவள்

எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. இடுப்பில் இரண்டு துணிப்பை. வலது பையில் இருபது புளியங்கொட்டை. ஒவ்வொரு கன்றையும் தொட வேண்டும், தொடாமல் எண்ணக்கூடாது. இலை இல்லாமல் நின்றால் பெருவிரல் நகத்தால் தண்டை இலேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, மண்ணிறம் என்றால் இல்லை. நூறு முடிந்தால் ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்றுவேன். கந்தோரில் ஓர் எண்ணும் கருவி தந்தார்கள், அமுக்கினால் ஒன்று கூடும். அட்டை கடித்து உதறினாலும் ஒன்று கூடியது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிராமத்துப் பெண்கள் சங்கத்தின் தலைவி சோமாவதி. விதை போட்டுக் கன்று வளர்க்கும் மேடையை அவரும் எட்டுப் பெண்களும்தான் பார்ப்பவர்கள். நல்ல மனது, ஆனால் வாய் ஓயாது. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நடந்து வந்து, தேநீர் குடிப்பீர்களா, சீனி ஒரு கரண்டியா இரண்டா, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பார். எண்ணுகிறவளிடம் எண் கேட்கும் கேள்விகள். நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு இயல்பாகவே கூச்சம் அதிகம், அதற்கு மேல் தொளாயிரத்து நாற்பதில் நிற்கிறேன். முதல் எண்ணிக்கை முழுக்க இப்படியே போனது. ஒரு பெண் வந்து என் காதருகில் கத்திக்கூடப் பார்த்தாள். மற்றவர்கள் பாவம் என்றார்கள்.

இரண்டாவது எண்ணிக்கை முடிந்து கடைசிக் கன்றைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தேன். சீனி ஒரு கரண்டி போதும், பிள்ளைகள் இரண்டு என்று சிங்களத்தில் சொன்னேன். ஒன்பது பெண்களும் அப்படியே நின்றார்கள். சோமாவதி கிட்ட வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்படியென்றால், போன முறை உங்களுடைய நடையைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் கேட்டதா, அக்கே?"

ஹொரா

எங்கள் காணியில் நடும் மரங்களில் முக்கியமானது ஹொர. நேராக, உயரமாக வளரும் மழைக்காட்டு மரம். சிங்களத்தில் ஹொர என்று குறுக்கிச் சொன்னால் மரம், ஹொரா என்று கொஞ்சம் நீட்டினால் கள்ளன். கொட்டாஞ்சேனைச் சிங்களம் என்னுடையது. எதை நீட்டுவது, எதைக் குறுக்குவது என்பதில் என் நாக்குக்கு அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

ஒருநாள் கிராமத்திலிருந்து கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். வன அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் எடுத்து, மேடையில் ஹொரக் கன்று எத்தனை இருக்கிறது என்று கேட்டார். சத்தம் கேட்கவில்லை என்றார். எழுந்து நின்று உரக்கச் சொன்னேன்: "ஹொரா தெசிய ஹதலிஹக் இன்னவா." மரத்துக்கு "தியெனவா" என்று சொல்லியிருக்க வேண்டும். "இன்னவா" என்பது ஆட்களுக்குச் சொல்வது. ஆகவே, கள்ளன்மார் இருநூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று பஸ் முழுவதற்கும் அறிவித்துவிட்டேன். எப்படி இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார் போல. எல்லோரும் நன்றாக வளர்கிறார்கள், காலையும் மாலையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம், அடுத்த மழைக்கு வெளியே விடுவோம் என்றும் சொன்னேன். முன் ஆசனத்துப் பெண் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "இருநூற்று நாற்பதுதானா, அம்மே? பஸ் இப்போது கொழும்புக்குத்தான் போகிறது, அங்கே இறங்கித் திரும்பவும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்."

ரயில் போகும் வரை

எங்கள் கந்தோருக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. ரயில் போனால் மேசையில் இருக்கும் தேநீர் கோப்பை நடுங்கும். மாதத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டு நிதியத்தோடு கொம்பியூட்டரில் கூட்டம் நடக்கும். அந்தப் பக்கத்தில் பேசுபவர் ஹெல்கா அம்மா. நிதியத்தில் எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பானவர், வெள்ளை முடி, ஏறக்குறைய என் வயது. அவர் பேசுவதை இங்கிலீஷிலிருந்து எனக்குச் சொல்பவர் தர்ஷினி மிஸ். எங்கள் அறிக்கைகளை மொழிபெயர்ப்பவரும் அவர்தான். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

இரண்டாவது எண்ணிக்கைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில், மழை, மண், கன்றை மூடி வளரும் கெகில்லப் புதர், காற்று என்று ஒவ்வொருவராக ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஹெல்கா அம்மா எண்ணுநரிடம் பேச வேண்டும் என்றார். என்னை இழுத்துக் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படத்தில்கூட மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தாராம். ரயில் போனது. "ஆயிரத்து முந்நூற்று இரண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து என் கதிரைக்குப் போய்விட்டேன்.

தர்ஷினி மிஸ் அந்த அம்மா சொன்னதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "இண்டைக்குக் கேட்ட கேள்விக்கு நேராப் பதில் சொன்னது நீங்கள் ஒராள்தானாம், அக்கா."

பிழை

மூன்றாவது எண்ணிக்கைக்கு முந்திய இரண்டு மாதமும் சரியான மழை இல்லை. நிறையக் கன்றுகள் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றன. ஆயிரம் வராது என்று கந்தோரில் மெதுவாகப் பேச்சு எழுந்தது.  எண்ணாமல் சொல்வது என் பழக்கம் இல்லை.

முதல் இரண்டு முறையும் தர்ஷினி மிஸ் கூடவே வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். இந்த முறை அவருடைய மகளுக்குக் காய்ச்சல். நீங்களே எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னுடைய கையெழுத்து வெளிநாட்டுக்குப் போகப் போகிறது. ஒரு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கினேன். பெருவிரல் நகம் பச்சையாகிவிட்டது. இடது பையில் பதினொரு கொட்டை, அதற்கு மேல் நாற்பத்தாறு. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு கன்று உயிரோடு நின்றது.

புதிய படிவத்தில் தலைப்புகளை நாங்களே எழுத வேண்டும். கட்டங்கள் தீப்பெட்டி அளவுதான், என் எழுத்தோ பெரிய எழுத்து. முதல் கட்டத்தில் "நட்டது" என்று எழுதி, கீழே 1,600 போட்டேன். இரண்டாவதில் "பிழைத்தவை" என்று எழுத நினைத்தேன், இடம் போதவில்லை. "பிழை" என்று சுருக்கி எழுதிக் கீழே 1,146 போட்டேன். மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டேன். செத்ததை எழுத எனக்குக் கை வராது. கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்தானே. அப்படியே படம் பிடித்துத் தர்ஷினி மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

சோமாவதியிடம் எண்ணைச் சொன்னேன். சந்தோஷத்தில் அன்றைக்கே பாற்சோறு ஆக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. அது ஹொர விதை விழுகிற காலம். அந்த விதை காத்திருக்காது, விழுந்த சில நாளில் மண்ணுக்குள் போகாவிட்டால் முளைக்காது. ஒன்பது பெண்களும் இரண்டாம் கட்டத்துக்கென்று மூவாயிரம் பையில் மண் நிரப்பி விதை போட்டார்கள். எந்தக் கடிதமும் வரவில்லை, யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. நான் சொன்ன எண்ணை நம்பிப் போட்டார்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு கந்தோருக்குப் போனேன். சிவநேசன் சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கோபிக்க வேண்டாம் என்று தொடங்கினார்.

"ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பிழையாம், அக்கா."

"ஆமாங்க, சேர். ஒண்ணு விடாம நகத்தால சொரண்டிப் பாத்தேன்."

"அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாம என்னங்க? நான்தானே எழுதினேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல?"

"சோமாவதிகிட்ட அன்னைக்கே சொன்னேனே. பாற்சோறுகூட ஆக்கினாங்க."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு பிழைக்கு ஆராவது பாற்சோறு ஆக்குவார்களா என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டது எனக்குக் கேட்டது, ஆனால் விளங்கவில்லை. பிறகு ஒரு கடிதத்தை எடுத்து வாசித்துச் சொன்னார். நட்டது ஆயிரத்து அறுநூறு, அதில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பழுது, மிஞ்சியது நானூற்று ஐம்பத்து நான்குதான். ஆகவே நிதியம் இரண்டாம் கட்டத்தை நிறுத்தி வைக்கிறது.

நிறுத்தி வைக்கிறது என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. நான் எண்ணியது சரியில்லை என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.  மூவாயிரம் பையும் கண்ணுக்கு முன்னால் நின்றது. சேர் பாவம், எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தார்: "நான் உங்களைப் பிழை சொல்லேல்ல, அக்கா, ஆனாப் பிழை பிழைதானே."

தப்பு

இருபது வருஷம் பொத்தான் கடையில் ஒரு பொத்தான் குறைந்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில், வாயைத் திறந்து பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு அது காணியை இரண்டு தரம் ஏறி இறங்குவதைவிடக் கடினமான வேலை.

சேருடைய மேசையில் பதினொரு புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கினேன். பக்கத்தில் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்தேன். வரிசை வரிசையாக எழுதியிருந்தேன், மொத்தம் நாற்பது வரிசை, தலைப்பில் இங்கேயும் "பிழை". தர்ஷினி மிஸ் மூலையில் கொம்பியூட்டரில் இருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்: "இதுல தப்பு ஒண்ணும் இல்லைங்க, சேர்."

சேரின் முகம் இன்னும் வாடியது. "ஒண்டுமே தப்பேல்லையோ?" என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லைங்க" என்றேன் உறுதியாக. நானூற்று ஐம்பத்து நாலு கன்றாவது மிஞ்சும் என்றல்லவா நினைத்தேன் என்று அவர் கதிரையில் சாய்ந்துவிட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் பேசியது நல்ல தமிழ்தான். எங்கள் தோட்டத்தில் தவறு செய்தால் தப்பு, உயிரோடு மிஞ்சினால் பிழைத்தது. சேருடைய வீட்டில் தவறு செய்தால் பிழை, உயிரோடு மிஞ்சினால் தப்பியது. தப்பே இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது, ஒரு கன்றும் மிஞ்சவில்லை என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

தர்ஷினி மிஸ்தான் எழுந்து வந்தார். கொப்பியைத் திருப்பி, என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். இதில் பிழை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். என்ன கேள்வி இது என்று நினைத்துக்கொண்டு, "பிழைச்சதுங்க, மிஸ். உசிரோட நிக்கிறது" என்றேன். ரயில் ஒன்று போனது. அது போய் முடியும் வரை மிஸ்ஸின் கண் கொப்பியிலேயே நின்றது. தர்ஷினி மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேர், அக்கா தப்பினதைத்தான் பிழை எண்டு எழுதியிருக்கிறா. நான் அதைப் பிழை எண்டு நினைச்சு மொழிபெயர்த்துப் பிழை விட்டிட்டன்."

நகம்

அன்றைக்கே திருத்தக் கடிதம் போனது. ஹெல்கா அம்மா மரியாதையாகப் பதில் எழுதினார். ஒரே காணிக்கு நானூற்று ஐம்பத்து நான்கு என்றும் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு என்றும் இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு அவருடைய குழுவைச் சம்மதிக்க வைக்க முடியாது, நேரில் வந்து எண்ணுநரோடு சேர்ந்து எண்ணுகிறேன் என்றார். அவர் கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவர் வர மூன்று வாரம் இருந்தது. சோமாவதிக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதா விடுவதா என்று மட்டும் கேட்டார். ஊற்றுங்கள் என்றேன்.

ஹெல்கா அம்மா நெட்டையான ஆள். முழங்கால் வரை அட்டை ஏறாத காலுறை போட்டிருந்தார். காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். அவர் கையில் எண்ணும் கருவி, என் இடுப்பில் புளியங்கொட்டை. தர்ஷினி மிஸ் நடுவில் வந்தார், சிவநேசன் சேர் கீழே நின்றார். எண்ணி முடியும் வரை யாரும் யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது என்று சோமாவதி தன் பெண்களுக்குக் கட்டளை போட்டுவிட்டு, முதல் ஆளாகத் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

முதல் வரிசையிலேயே இலையில்லாத ஒரு கன்று வந்தது. ஹெல்கா அம்மா அதைத் தாண்டிப் போனார். நான் கடை முதலாளியைக்கூட நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, அவருடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். குனிந்து, தண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை. "பிழை" என்றேன். அவர் முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார். தானும் தன் நகத்தால் ஒருமுறை சுரண்டினார். "பிழை" என்றார். கருவியை அமுக்கினார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு குச்சியின் முன்னாலும் உட்கார்ந்து சுரண்டுவார். மண்ணிறமாக இருந்தால் பேசாமல் எழுந்துவிடுவார். பச்சையாக இருந்தால் பிழை என்பார். மத்தியானத்துக்குள் அவருடைய பெருவிரலும் என்னுடையதைப் போலவே ஆகிவிட்டது.

பின்னேரம் முடித்தோம். அவருடைய கருவியில் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. என்னுடையதும் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. எல்லோரும் கை தட்டினார்கள், சோமாவதி வாயிலிருந்து கையை எடுத்தார். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. போன முறை நாற்பத்தாறு. ஒன்று எங்கிருந்து கூடியது? கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். ஹெல்கா அம்மாவும் ஏன் என்று கேட்காமல் பின்னால் ஏறினார். இருபத்திரண்டாவது வரிசையில் அதைக் கண்டுபிடித்தேன். ஏதோ விலங்கு முறித்துப்போட்ட கன்று. போன முறை முறிந்த இடத்தைச் சுரண்டினேன், மண்ணிறம், விட்டுவிட்டேன். இப்போது அடியில் வேரோடு ஒட்டி இரண்டு இலை வந்திருந்தது. வேரடி வரை பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது என் தப்பு, அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள் என்று தர்ஷினி மிஸ்ஸிடம் சொன்னேன். இந்த முறை தப்பு என்றால் எந்தத் தப்பு என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் அவர் எழுதினார்.

கீழே வந்ததும் ஹெல்கா அம்மா படிவத்தைக் கேட்டு வாங்கினார். எழுத்துகளைத் தர்ஷினி மிஸ்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, இரண்டாவது கட்டத்தில் தன் கையாலேயே "பிழை" என்று தமிழில் எழுதினார். ழையன்னாவுக்கு மட்டும் இரண்டு நிமிஷம் எடுத்தார். கீழே 1,147 போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு கன்று மேடைக்குப் போனார். மூவாயிரம் பையில் பாதிக்கு மேல் முளை விட்டிருந்தது. ஒன்பது பெண்களும் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். யார் சொல்லி இதைப் போட்டீர்கள் என்று கேட்டார். சோமாவதி என்னைக் கை காட்டினார். அந்த அம்மா சிவநேசன் சேர் பக்கம் திரும்பி, கொஞ்சம் நீளமாகவே ஏதோ சொன்னார். சேர் முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்காகத் தர்ஷினி மிஸ் தமிழில் சொன்னார்:

"இரண்டாம் கட்டம் தொடங்கட்டாம். இந்த மூவாயிரத்திலயும் ஏலுமான அளவு பிழை விடட்டாம், அக்கா."

இருபது வருஷம் பொத்தான் கடையில் ஒரு தப்பும் இல்லாமல் எண்ணினேன், யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு பிழைக்குப் பிறகுதான் கடல் கடந்து என் பெயர் போயிருக்கிறது.